அக்காவின் எழவுப் பந்தல்

எனக்குப் பதற்றம் வந்தால் முதலில் கால் ஓடும், அடுத்து வாய் ஓடும், மூளை கடைசி பஸ்ஸைப் பிடித்துத்தான் வந்து சேரும். இது எங்கள் ஊருக்கே தெரிந்த சங்கதி. அக்காள்மடத்தைத் தாண்டி, கடலோரத்தில் டீக்கடை வைத்திருக்கிறேன். ஊருக்குப் புதிதாக வரும் மாப்பிள்ளைகளுக்கு என்னைக் காட்டும்போதுகூட "டீக்கடைக்காரர்" என்று யாரும் சொல்வதில்லை. "இவருதான் மணியடிச்ச ஆளு" என்பார்கள். நான் பல்லைக் காட்டிக்கொண்டே டீ ஆற்றுவேன். ஊரில் அத்தனை பேரையும் கேலி பேசுகிறவன் நான். என்னை மடக்க அவர்கள் கையில் இருப்பது இந்த ஒரு சீட்டுதான், ஆனால் அது எல்லாச் சீட்டையும் வெட்டிவிடும்.

அந்த மணி என் அக்காவுக்காக அடித்தது. அடித்தபோது அக்கா உயிரோடு இருந்தாள்.

அக்கா எனக்கு மிகவும் மூத்தவள். சின்ன வயதில் கன்னியர் மடத்தில் சேரப் போனவளை, மூச்சிழுப்பு நோய் இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பெட்டியோடு போனவள் பெட்டியோடு வந்தாள். கல்யாணப் பேச்சை எடுத்த எங்கள் அய்யாவிடம், "மடத்துல சேக்க மாட்டேன்னுட்டாங்க. மடத்துக்கு வேல பாக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே" என்றாளாம். அன்றிலிருந்து வெள்ளைச் சேலைதான், மிஷன் வேலைதான்.

மிஷன் என்றால் தேவிபட்டினத்தைத் தாண்டி உள்ளே, மிளகாய்க் காடும் கருவேலங்காடுமாகக் கிடந்த ஒரு கிராமம். சைக்கிளில் திரியும் ஒரு மிஷன் சாமியார், மருந்துப் பெட்டியோடு இரண்டு சிஸ்டர்கள், ஒரு நீளக் கொட்டகை. காலையில் அது ஆஸ்பத்திரி, மாலையில் பள்ளிக்கூடம். அங்கே இருந்தவர்கள் எல்லாம் கூலி வேலைக்குப் போகும் இந்துக் குடும்பங்கள். அக்கா அரிசியும் கருவாடும் சுமந்துகொண்டு பஸ் மாறி மாறிப் போவாள். அங்கே அவளுக்குப் பெயர் கருவாட்டம்மா.

அரிசி எங்கள் ஊர் அடுப்படிகளிலிருந்து போகும். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை மிஷன் டப்பாவில் போட வேண்டும். சனிக்கிழமை அக்கா ஒவ்வொரு வீட்டு டப்பாவையும் எட்டிப் பார்ப்பாள். அரிசி அடியில் கிடந்தால், வாசலில் நின்றே கேட்பாள்.

"என்னடி, ஒங்க வீட்டுல எல்லாருக்கும் வயித்துப்போக்கா? இந்த வாரம் ஒலையே வைக்கல போல."

நானும் அவளை விடமாட்டேன். ஒருமுறை கடையில் ஆள் நிறைய இருக்கும்போது கேட்டேன்.

"இத்தன வருசமா மூட்ட தூக்குறியே அக்கா, இதுவரைக்கும் எத்தன பேரு வேதத்துக்கு வந்திருக்காக?"

"ஞானஸ்நானம் ஆண்டவர் வேல. பேதி நிக்கிறது ஏ வேல. டீத்தூளக் கூடப் போடுறது ஒ வேல. அவரவர் வேலயப் பாப்போம்லே."

கடை முழுக்கச் சிரித்தது. நான் டீத்தூளைக் கூடப் போட்டேன்.

வருஷத்துக்கு ஒருநாள், மிஷன் ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை, மிஷன் பறி. பறி என்பது மீன் அள்ளும் ஓலைக் கூடை. கரைக்கு வரும் ஒவ்வொரு வள்ளமும் அன்றைய மீனில் ஒரு பங்கை அக்காவின் பறியில் கொட்டும். அவள் அலையில் கால் நனைய நிற்பாள். வள்ளத்துக்காரர்கள் பொடிமீனாகப் பார்த்துக் கொட்டினால், பறியை எடுக்காமல் அப்படியே நின்றுகொண்டிருப்பாள். அவர்களாகப் போய்ப் பெரிய மீனை எடுத்து வந்து போடுவார்கள்.

நான் சொல்ல வந்த வருஷம், ஆடிக் காற்றில் மிஷன் கொட்டகையின் கூரை பிய்ந்துகொண்டு போய்விட்டது. ஐப்பசி மழைக்குள் கூரை போட்டாக வேண்டும். அக்கா கரைக்கூட்டத்தில் எழுந்து நின்று, இந்த முறை பங்கெல்லாம் போதாது, மிஷன் பறி அன்று மொத்தப் பாடும் வேண்டும் என்று கேட்டுவிட்டாள். ஒருநாள் மீன் முழுக்க. கரை கொந்தளித்தது. எத்தனையோ சண்டைக்குப் பிறகு ஒவ்வொரு வள்ளமாகத் தலையாட்டியது. கடைசியாக ஒத்துக்கொண்டவன் என்னோடு படித்த கூட்டாளி. "மதினி மொகத்துக்காகத் தாரேன். மறு வருசம் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது" என்றான். அக்கா அவனுக்கு மதினி முறை, எனக்கு அவன் மாப்ள.

முந்தின நாளே அக்கா மிஷனுக்குப் போய்விட்டாள், கூரைக்கு எவ்வளவு கீற்று பிடிக்கும் என்று பார்த்துவர. சனிக்கிழமை வள்ளங்கள் வருவதற்குள் திரும்பிவிடுவேன் என்று சொல்லியிருந்தாள். அன்று கடல் கண்ணாடி மாதிரிக் கிடந்தது. கரைக்குப் பக்கத்திலேயே சூடை மீன் கூட்டம் கூட்டமாகப் போகிறது என்று கடைக்கு வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். என் கடையில் உட்கார்ந்தே பாய்களை எண்ணலாம் போல வள்ளங்கள் அத்தனை கிட்டத்தில் நின்றன.

அப்போதுதான் ஐஸ் லாரி வந்து நின்றது. டிரைவர் இறங்காமலே ஒரு பறியை நீட்டினார். அக்காவின் மிஷன் பறி.

"இத டீக்கடையில குடுக்கச் சொன்னாக."

"யாரு சொன்னா?"

"ஒரு சிஸ்டர் கைகாட்டி நிறுத்திக் குடுத்தாக. எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே."

லாரி போய்விட்டது. பறிக்குள் அக்காவின் வெள்ளைச் சேலை மடித்து வைத்திருந்தது. அதன்மேல் அவள் ஜெபமாலை. ஜெபமாலைக்குப் பக்கத்தில் அவள் உத்தரியம்.

உத்தரியம் என்பது புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கும்போது கழுத்தில் போடுவது. துணித்துண்டு இரண்டு, நடுவில் கயிறு. குளித்தாலும் கழற்ற மாட்டோம். ஊருக்கு வெளியே யாராவது இறந்துபோனால், சேதியை வாயால் சொல்லும் வழக்கம் எங்கள் கரையில் இல்லை. உத்தரியத்தைக் கழற்றிக் கொண்டுவந்து வீட்டார் கையில் கொடுத்துவிடுவார்கள். கொடுப்பவர் பேச மாட்டார், வாங்குபவர் கேட்க மாட்டார். பிணம் பின்னால் வரும்.

சிஸ்டர்கள் இருந்த இடத்தில் போன் இருந்தது. என் கடைக்கு எதிரிலேயே டெலிபோன் பூத் இருந்தது. பூத்துக்காரர் என்னைப் பார்த்து "டீ ஒண்ணு" என்று கைகாட்டிக்கொண்டும் இருந்தார். இதெல்லாம் மூளை வந்து இறங்கிய பிறகு நினைவுக்கு வந்தவை. கால் அதற்குள் கோயில் மணிமேடைக்குப் போய்விட்டது. பங்குச் சாமியார் வேறு ஊர்ப் பூசைக்குப் போயிருந்தார். கோயில் காரியம் பார்க்கும் உபதேசியார் முகச்சவரத்துக்கு உட்கார்ந்திருந்தார். கயிற்றை நானே பிடித்தேன். என் மனைவி பின்னாலேயே ஓடிவந்தாள்.

"இந்தாங்க, நில்லுங்க. மதினிக்கு என்னன்னு ஒரு வார்த்த கேட்டுட்டு அடிங்க."

"என்னத்தக் கேக்க? உத்தரியமே வந்துருச்சு."

துக்க மணியில் ஆணுக்கு ஒரு மாதிரி, பெண்ணுக்கு ஒரு மாதிரி. நான் போன வேகத்தில் ஆணுக்கு அடித்துவிட்டேன். தப்பு என்று தெரிந்ததும் முதலிலிருந்து பெண்ணுக்கு அடித்தேன். ஊர் இரண்டு சாவு என்று நினைத்துக்கொண்டது.

துக்க மணி கேட்டால் வலையைச் சுருட்டிக்கொண்டு திரும்ப வேண்டும். அடக்கம் முடியும்வரை யாரும் கடலில் இறங்கக் கூடாது. மணிமேடையிலிருந்து பார்த்தேன். கிட்ட நின்ற வள்ளங்கள் பாயைத் திருப்பின. அதைப் பார்த்துத் தூரத்து வள்ளங்களும் திரும்பின. என் கூட்டாளி ஒரு பெரிய சூடைக் கூட்டத்தைப் பாதி வளைத்திருந்தான். வலையைத் தளர்த்தி அத்தனையையும் போகவிட்டு வந்தான் என்று அப்புறம் தெரிந்தது. மேலிருந்து பார்த்த எனக்கு, எல்லாரும் என் அக்காவுக்காக வருகிறார்கள் என்று பெருமையாகக்கூட இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

சாவு வீட்டுப் பந்தலில் எங்கள் பையன்களை மிஞ்ச ஆள் கிடையாது. வீட்டுக்கு வீடு கீற்று உருவி, நான் அழுது ஒரு மூச்சு விடுவதற்குள் எங்கள் வாசலை மூடிவிட்டார்கள். பெண்கள் வந்து உட்கார்ந்து பாட்டெடுத்தார்கள். அரிசி டப்பாவுக்காக அக்காவிடம் வாராவாரம் வாங்கிக் கட்டிக்கொள்கிறவள்தான் அதிகமாக அழுதாள். "இனி ஏ டப்பாவ எட்டிப் பாக்க யாரிருக்கா" என்று மார்பில் அடித்துக்கொண்டாள். நான் மண்ணில் புரண்டேன். எனக்குப் புரள வராது. இருந்தாலும் புரண்டேன்.

அக்கா மெயின் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வந்திருக்கிறாள். மணிச்சத்தம் ஓய்ந்துவிட்டது. ஆனால் வள்ளம் எல்லாம் மணலில் கிடப்பதைப் பார்த்ததும் ஊரில் சாவு என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஜெபம் சொல்லியபடியே வந்திருக்கிறாள். எதிரில் வந்த ஒருத்தியிடம் "யாருத்தா?" என்று கேட்க, அவள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடிவிட்டாள். கூட்டம் போன வழியே வந்த அக்கா, எங்கள் வாசலில் பந்தலைப் பார்த்தாள். வீட்டில் ஆண்பிள்ளை நான் ஒருவன். அவள் வேறு யாரை நினைப்பாள்?

"ஏ தம்பி" என்று பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

உள்ளே நான் "ஏ அக்கா" என்று கத்திக்கொண்டிருந்தேன்.

பாட்டு ஒவ்வொரு வாயாக நின்றது. கூட்டம் விலகி வழிவிட்டது. நானும் அவளும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். என் தலையெல்லாம் மண், அவளுக்கு இழுப்பு.

"என்னலே இது?"

"ஒன் உத்தரியம் வந்துச்சேக்கா."

"கயிறு அத்துப்போச்சுலே. ஜெபமாலையிலயும் ஒரு கண்ணி விட்டுப்போச்சு. ஒம் பொண்டாட்டி தச்சு வைக்கட்டும்னு மாத்துச் சேலையோட பறியில போட்டு அனுப்புனேன். பஸ்ஸு பிந்துனா பறியாவது முந்தி வந்துரட்டும்னு."

ஒருவன் சிரித்தான். அப்புறம் பந்தலே சிரித்தது. அதிகமாக அழுத அரிசி டப்பாக்காரி எழுந்து, "அழுத அழுகைக்கு இந்த மாசம் எனக்கு அரிசி கெடயாது மதினி" என்றாள். நானும் சிரித்தேன். தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அக்கா சிரிக்கவில்லை. திரும்பிக் கடலைப் பார்த்தாள். மணலில் வரிசையாக வள்ளங்கள். ஒன்றிலும் மீன் இல்லை. அது என்ன நாள் என்று அப்போதுதான் எல்லாருக்கும் நினைவு வந்தது. சிரிப்பு ஓரத்திலிருந்து அணைந்துகொண்டே வந்தது. அவள் என்னைத் திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். அவள் பறியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

"இப்ப கடல்ல எறங்கலாமா கூடாதா?" என்று யாரோ கேட்டார்கள்.

என் கூட்டாளி சொன்னான். "மணி அடிச்சாச்சு. அடக்கம் ஆகாம எப்படி எறங்குறது? யாரையாவது அடக்கியாகணும்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

பாதி முகத்தில் சோப்பு நுரையோடு வந்து நின்ற உபதேசியார், ஆள் உயிரோடு இருப்பதால் மணி செல்லாது என்று ஒருவழியாகத் தீர்ப்புச் சொன்னார். அதற்குள் காற்று மாறிவிட்டது. மீன் கூட்டம் கலைந்துவிட்டது. மறுநாள் வாடைக் காற்று பிடித்துக்கொண்டது, அதன்பிறகு பல நாள் ஒரு வள்ளமும் இறங்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலமே, ஆட்கள் கலையும்போது அக்கா அண்ணாந்து பார்த்தாள்.

"இந்தக் கீத்து யாருது?"

"எல்லா வீட்டுதும்தான்."

"திருப்பிக் குடுக்கணுமா?"

எழவுப் பந்தல் கீற்றை யாரும் வீட்டுக்குள் திரும்ப எடுக்க மாட்டார்கள். அவளுக்கும் அது தெரியும்.

"அப்ப பிரிச்சுக் கட்டுங்க. ஐஸு லாரி திரும்புறப்ப ஏத்திவிடுவோம்" என்றாள். என்னிடம், "நீயும் ஏறு" என்றாள்.

அப்படி என் அக்காவின் பந்தல் மிஷனுக்குப் போனது. கீற்றை இறக்கும்போது, மிளகாய்க் காட்டில் வேலை முடித்து வந்த ஒரு பெண் கேட்டாள்.

"இது என்ன விசேசத்துப் பந்தல் தாயி?"

"என் எழவுப் பந்தல் ஆத்தா. நல்லாத்தான் போட்டிருந்தாங்க" என்றாள் அக்கா. கதையையும் சொன்னாள். நான் கீற்றுக்கட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

கீற்று பாதிக் கொட்டகைக்குத்தான் வந்தது.

மழை பிடித்த பிறகு அவளோடு ஒருமுறை போனேன். இழுப்போடு தனியாக மூட்டை சுமக்க வேண்டாம் என்று என் மனைவி என்னை விரட்டியிருந்தாள். கூரை உள்ள பாதியில் பிள்ளைகளும் நோயாளிகளும் ஒன்றாக ஒண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மறுபாதியில் மழை நேராகத் தரையில் விழுந்தது. சாரல் அடிக்கும்போதெல்லாம் எல்லாரும் ஒரு சேர நகர்ந்தார்கள், அது அவர்களுக்குப் பழகிவிட்டிருந்தது. ஒரு சிஸ்டர் கொட்டகைக்குள் குடை பிடித்து நின்றார், தனக்கல்ல, மருந்துப் பெட்டிக்கு. எதற்கும் ஒரு கேலி வைத்திருப்பவன் நான். அங்கே எனக்கு ஒன்றும் வரவில்லை. குடையை வாங்கி நான் பிடித்துக்கொண்டேன். கை வலித்தது. வலிக்கட்டும் என்று நின்றேன்.

காய்ச்சல் பிள்ளையை மடியில் வைத்திருந்தாள், அன்று கீற்றைப் பற்றிக் கேட்ட பெண். அவள் அக்காவைப் பார்த்துச் சிரித்தாள்.

"அப்ப மிச்சப் பாதிக்கு எப்பம்மா சாவீக?"

அக்கா இழுப்பு வரும்வரை சிரித்தாள். அடுத்த கரைக்கூட்டத்தில் எழுந்து நின்றாள்.

"நான் சாகுற அன்னைக்கு, கடலுக்குப் போன வள்ளம் எல்லாம் கரைக்கு வர்ற வரைக்கும் மணி அடிக்கக் கூடாது. அன்னைக்கு மொத்தப் பாடும் மிஷனுக்கு. சரின்னு சொல்லுங்க, ஒக்காருறேன்."

செத்தவர்கள் கேட்டால் மறுக்க முடியாது, சாகப்போகிறவர்கள் கேட்டால் எப்படி மறுப்பது? சரி என்றார்கள்.

என் கூட்டாளி, "அதெல்லாம் சரி மதினி. அதுவரைக்கும் இவன யாரு கட்டிப்போடுறது?" என்றான்.

"அந்த மணிய இவன்தான் காக்கணும்" என்றாள் அக்கா. கரை விழுந்து விழுந்து சிரித்தது.

அடுத்த கோடைக்குள் மிஷன் சாமியார் எங்கெங்கோ அலைந்து ஓடு போட்டுவிட்டார். அக்கா அதன்பிறகும் மூட்டை சுமந்தாள். அந்தக் கிராமம் தேறியதும் அதையும் தாண்டி உள்ளே இன்னொரு கிராமம் பிடித்தாள். வள்ளங்களுக்கு இஞ்சின் வந்தது, எல்லார் இடுப்பிலும் செல்போன் வந்தது, அக்காவுக்கு முதுகு வளைந்தது. டப்பாக்களை எட்டிப் பார்ப்பது மட்டும் நிற்கவில்லை.

அவள் போனது ஒரு காலை நேரம். வள்ளங்கள் கடலில் இருந்தன. முந்தின நாளே பங்குச் சாமியார் சாகக் கிடப்பவர்களுக்குச் செய்யும் அவஸ்தைப் பூசுதல் கொடுத்திருந்தார். நான் சின்ன வயதிலிருந்து நின்றுவிடுமோ, நின்றுவிடுமோ என்று பயந்து கேட்டுக்கொண்டிருந்த இழுப்புச் சத்தம், பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதே நின்றது. கால் ஓடத்தான் எழுந்தது. என் மனைவி கதவைச் சாத்தி அதில் சாய்ந்துகொண்டாள். என் சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"போயிக் கடையத் தொறங்க" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "மதினிகூட நான் இருக்கேன்."

கடையைத் திறந்தேன். சீனி போடாமல் ஒருவருக்கும், டீயே போடாமல் வெந்நீரை ஒருவருக்கும் கொடுத்தேன். வெந்நீர் வாங்கியவர் அதைக் குடித்துவிட்டுப் போனார். மீன் அறுக்கும் பெண்கள் என்னைப் பார்த்துத் தங்களுக்குள் குனிந்து பேசினார்கள். அரிசி டப்பாக்காரி வந்து, "என்ன கொழுந்தனாரே, இன்னைக்கு யாரையும் ஒண்ணும் சொல்லல?" என்றாள். நான் பாத்திரம் தேய்த்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு எதுவும் கேட்காமல் என் வீட்டுப் பக்கம் நடந்தாள். கத்தி ஊரைக் கூட்டியவன் கத்தாமல் இருந்தே சேதியைச் சொல்லிவிட்டேன் போல. ஆனால் அந்தப் பெண்களில் ஒருத்திகூட அழவில்லை, ஒருத்திகூடக் கடலுக்குப் போன் போடவில்லை.

வள்ளங்கள் தலைகாட்டியதும் பறியை எடுத்துக்கொண்டு போய் அலையில் நின்றேன். அது மிஷன் பறி நாள் இல்லை, மாதம்கூட இல்லை. முதல் வள்ளத்துக்காரர் என்னைப் பார்த்தார், பறியைப் பார்த்தார். தலைத்துண்டை அவிழ்த்துவிட்டுக் கொட்டினார். பொடிமீன் ஒன்றுகூட இல்லை. அடுத்தவரும் அப்படியே. பறி நிரம்ப நிரம்பப் பெண்கள் வந்து மாற்றிக்கொண்டு போனார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

கடைசியாக வந்தவன் என் கூட்டாளி. மீனைக் கொட்டிவிட்டு என் தோளில் கை வைத்தான். அவன் கண்ணும் சரியில்லை.

"மாப்ள, இந்தத் தடவ நெசந்தானே?"

தலையை ஆட்டினேன். அவன் அப்படியும் நகரவில்லை. திரும்பி மணிமேடையைப் பார்த்தான். அங்கே உபதேசியார் கயிற்றைப் பிடித்தபடி தயாராக நின்றிருந்தார். பிடித்திருந்தாரே தவிர இழுக்கவில்லை. என்னைப் பார்த்தார். பிறகு என் கூட்டாளியைப் பார்த்து, போய்ப் பார்த்துவிட்டு வா என்று என் வீட்டுப் பக்கம் கைகாட்டினார்.

அவன் போனான். ஊர் மொத்தமும் கரையில் நின்று காத்திருந்தது. பறியும் கையுமாக நானும் அவர்களோடு காத்திருந்தேன், எனக்கே தெரியாத சேதிபோல. அவன் எங்கள் வாசலிலிருந்து வெளியே வந்து, தலையிலிருந்த துண்டை எடுத்து அசைத்தான்.

அதன்பிறகுதான் உபதேசியார் கயிற்றை இழுத்தார்.